ரெண்டு தட்டுக்கு நடுவே

சனிக்கிழமை மத்தியானம். கோலாலம்பூர் பக்கம் ஷா ஆலாமில் வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தேன். சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மா வீட்டுப் போனில் கூப்பிட்டார். எடுத்ததும் நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. “தம்பி, மேட்டு லயத்து அக்காவப் பாத்தேன். ஹென்போன்லதான். சாமி கூட்டத்துல நின்னா. நல்லா பாக்கலாம்னு படத்த நிறுத்தப் போனேன். எல்லாரும் ஓட ஆரம்பிச்சிட்டாங்க. பூசாரி ஓடுறாரு, கரகம் ஓடுது, உறுமிக்காரப் பசங்க பேய் புடிச்ச மாதிரி அடிக்கிறானுங்க. பயந்துபோயி கைய எடுத்தேன். அப்பறம் அவளக் காணோம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன நடந்திருக்கும் என்று தெரியும். அம்மா எதையும் லேசாகத் தொடமாட்டார். அழைப்பு மணியை அழுத்துவதுபோல அழுத்திப் பிடித்திருப்பார். பிடித்தபடி இருந்தால் யூடியூப்பில் படம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். பயந்து விரலை எடுத்த பிறகு திரையில் கண்டதையெல்லாம் தொட்டிருப்பார், படம் எங்கேயோ தாவியிருக்கும். சரி, போனிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று தொடங்கினேன். “அம்மா, படத்துக்கு இடப்பக்கம் ரெண்டு தட்டு தட்டுங்க. பத்து வினாடி பின்னால போகும்.” “தட்டிட்டேன்.” “போச்சா?” “ரெண்டு கோடு வந்துச்சு. போயிருச்சு.” “வேகமா தட்டுங்க.” “வேகமாத்தான தட்டுறேன்.” கால் மணி நேரம் இப்படியே. கடைசியில் படம் சின்னதாகிக் கீழே மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது என்றார். எனக்குச் சிரிப்பு போய் எரிச்சல் வந்திருந்தது. “அடுத்த சனிக்கிழம வர்றேன். அதுவரைக்கும் அதத் தொடாம வைங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தொடாம வைங்க. அந்த வாரம் முழுக்க இந்த இரண்டு சொல்லும் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தன. பதினாலு வயதில் பால்வெட்டு உளி பிடித்த கை அது. இருட்டு விலகாத நேரத்தில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு 400 ரப்பர் மரத்துக்குமேல் பால் வெட்டிய கை. அந்தக் கையைப் பார்த்து ஒரு கண்ணாடித் துண்டைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

மேட்டு லயத்து அக்கா தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்து நிரைக்காரர், அதாவது பக்கத்து மர வரிசையில் வெட்டியவர். இருபது வருசத்துக்குமேல் ஒன்றாகப் பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்கள். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், அப்புறம் லயங்களை, எங்கள் வரிசை வீடுகளை, உடைத்தார்கள். நாங்கள் டவுன் பக்கம் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். அவர் மகனோடு ஜொகூர் பக்கம் போனார் என்று பேச்சு. அதோடு சரி. இப்போது தோட்டத்தில் மிஞ்சியிருப்பது செம்பனைக்கு நடுவே மாரியம்மன் கோயில் மட்டும்தான். வருசத்துக்கு ஒரு நாள் திருவிழாவுக்குச் சிதறிப்போன சனமெல்லாம் அங்கே கூடும். இந்த வருசம் அம்மாவுக்கு ஈப்போவில் முழங்கால் ஆப்பரேசன் முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, போக முடியவில்லை. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கோயில் பையன்கள் நேரலை போடக் கற்றுக்கொண்டார்கள், அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. மூணு மணி நேரம் பத்து நிமிடத் திருவிழா அப்படியே கிடக்கிறது. அதைத்தான் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதாத பொத்தான்கள்

அந்த வாரம் ஒரு வேலை செய்தேன். வீடியோ பார்க்கும்போது என் விரல் என்னென்ன செய்கிறது என்று நானே கவனித்தேன். வலப்பக்கம் ரெண்டு தட்டினால் முன்னால், இடப்பக்கம் என்றால் பின்னால். தட்டிக்கொண்டே இருந்தால் பத்து இருபதாகும், இருபது முப்பதாகும். இரண்டு விரலை விரித்தால் படம் திரையை நிரப்பும். கீழே தள்ளினால் சுருங்கி மூலைக்குப் போகும். விஎல்சி மாதிரி செயலிகளில் வலது ஓரத்தில் மேலும் கீழும் தேய்த்தால் சத்தம், இடது ஓரத்தில் தேய்த்தால் வெளிச்சம், குறுக்கே இழுத்தால் படமே நகரும். இதில் ஒன்றைக்கூட யாரும் எனக்குக் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை. யூடியூப்பில் இந்த ரெண்டு தட்டு 2017இல்தான் வந்தது. ஆனால் பிறந்ததிலிருந்தே தெரிந்த மாதிரி என் கட்டைவிரல் நடந்துகொள்கிறது.

எங்கும் எழுதியிருக்காது, அதுதான் விசயம். எங்கள் வீட்டுப் பழைய வீடியோ டெக்கில் பின்னால் ஓட்டுகிற பொத்தானில் இடப்பக்கம் பார்த்த இரண்டு அம்புக்குறி இருக்கும். படிக்காதவர்களுக்கும் புரியும். டிவி ரிமோட் வந்தபோது அம்மா கொஞ்சம் திணறினார். என் அக்காள் தன் சிவப்பு நகச்சாயத்தை எடுத்துச் சத்தம் கூட்டுகிற பொத்தானில் ஒரு பொட்டு வைத்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட அந்த ரிமோட் பொட்டோடு பதினைந்து வருசம் ஓடியது. இந்தக் கண்ணாடியில் எங்கே பொட்டு வைப்பது? சின்னத் திரை, பொத்தானை நெரித்து வைத்தால் படத்தை மறைக்கும். அதனால் பொத்தானைக் கழற்றி எறிந்துவிட்டு, திரை முழுவதையும் கண்ணுக்குத் தெரியாத பொத்தானாக்கினார்கள். நியாயம்தான். எல்ஆர்டி ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையின் கட்டைவிரலால் படம் பார்க்கிறவனுக்கு இதைவிட வசதி கிடையாது, நானே சாட்சி. ஆனால் பொத்தான் தெரியாதவனுக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இது தெரிந்தவனுக்கு மட்டும் வேலை செய்யும், தெரியாதவனை ஏய்க்கும். அதைவிட மோசம், ஏய்த்த பழி தொட்டவர் தலையில் விழும். ‘என் கைதான் சரியில்ல’ என்று அம்மா சொல்வதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

ஒரு தடவை, வாட்ஸ்அப்பில் வந்த கல்யாண வீடியோ ஒன்றைப் பார்க்கும்போது படத்தில் பொழுது சாய்ந்துவிடுகிறது என்றார். மாப்பிள்ளை வரும்போது வெயில், தாலி கட்டும்போது கும்மிருட்டு. போன் கெட்டுப்போச்சு என்று டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரப் பையன் திரையில் இடது ஓரத்தை ஒரு தடவை மேலே தேய்த்துவிட்டுப் பத்து வெள்ளி வாங்கிக்கொண்டான். போனை இடது கையில் ஏந்திப் பிடிக்கும்போது கட்டைவிரல் ஓரத்தில் பட்டுப் பட்டு வெளிச்சத்தை இறக்கியிருக்கிறது. அவ்வளவுதான். அந்தப் பத்து வெள்ளியைப் பற்றி அம்மா இன்றும் பேசுவார். பையன் என்ன செய்தான் என்று அம்மாவுக்குக் காட்டவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, ரெண்டு தட்டு ஏன் விழவில்லை? ஆண்ட்ராய்டில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 300 மில்லி வினாடிக்குள் இடைவெளி இருந்தால்தான் அது இரட்டைத் தட்டு. அதைத் தாண்டினால் தனித்தனி ஒற்றைத் தட்டு, அம்மா சொன்ன அந்த ரெண்டு கோடு, படத்தை நிறுத்துகிற குறி, வந்து போகும். அதேபோல விரல் அரை வினாடி அளவுக்கு அங்கேயே நின்றுவிட்டால் அது தட்டே இல்லை, பிடி. பள்ளிக்கூடத்தில் மாத்திரை படித்திருப்போமே, கண்ணிமைக்கிற நேரம், கைநொடிக்கிற நேரம். போன் கேட்பதும் கிட்டத்தட்ட அந்த ஒரு மாத்திரைதான். குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒருவர் தோற்றுப்போகிறார்.

விரலிலும் விசயம் உண்டு. இந்தத் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை ஓடுகிறது. விரல் கிட்டே வரும்போது அங்கிருந்து துளி மின்னூட்டம் விரல் பக்கம் இழுபடும், அந்த மாற்றத்தைத்தான் போன் ‘தொட்டாச்சு’ என்று எடுத்துக்கொள்கிறது. ஈரப்பசையுள்ள மெல்லிய தோல் என்றால் நன்றாக இழுக்கும். காய்த்துக் காய்ந்த தோல் என்றால் சரியாக இழுக்காது. மேலே இன்னொரு காப்புக் கண்ணாடியும் ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். அம்மாவின் ஆள்காட்டி விரலில் உளி தேய்த்த காய்ப்பு, வேலையை விட்டு இத்தனை வருசமாகியும் புளியங்கொட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தட்டில் ஒன்று விழும், ஒன்று விழாது. விழவில்லையே என்று அம்மா இன்னும் அழுத்துவார். அழுத்தினால் பிடியாகிவிடும். பூசாரி ஓட ஆரம்பித்துவிடுவார்.

விரலுக்கு அடியில் இருபத்திரண்டு நிமிடம்

சொன்ன சனிக்கிழமை போனேன். சுங்கை சிப்புட் என்றால் நத்தை ஆறு என்று அர்த்தம். எங்கள் ஊர்க்காரர்கள் மெதுவானவர்கள் என்று ஈப்போக்காரர்கள் கிண்டல் அடிக்க வசதியான பேர். அம்மா ஹாலில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். போன் டிவி மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. உண்மையாகவே ஒரு வாரமாகத் தொடவில்லையாம். தொடாதே என்றாயே என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

எனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் காட்டி இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதலில் கீழே ஓடும் சிவப்புக் கோட்டை இழுத்தேன். இழுக்க இழுக்கத்தான் அதன் லட்சணம் தெரிந்தது. போனை நிமிர்த்திப் பிடித்தால் கோட்டின் நீளம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்குள் 190 நிமிடம். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய மூணு நிமிடம் போய்விடும். விரல் நுனி கண்ணாடியில் பதிகிற அகலம் எட்டு மில்லிமீட்டர் என்று வையுங்கள், விரலுக்கு அடியில் மட்டும் இருபத்திரண்டு நிமிடத் திருவிழா நசுங்கிக்கிடக்கிறது. அம்மா தேடுவது அதில் மூணு வினாடி. போனைப் படுக்கவைத்தால் கோடு இரட்டிப்பாகும், அப்போதும் பதினோரு நிமிடம். அம்மாவின் விரலைக் குற்றம் சொன்ன எனக்கு, என் விரலே உலக்கை மாதிரி தெரிந்தது.

கோட்டை இழுக்கும்போதே விரலை எடுக்காமல் மேலே தூக்கினால் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக விரியும், 2022இல் வந்த வசதி அது. விரித்தேன். மாரியம்மன் திருவிழா ஐயா, அத்தனை பேரும் மஞ்சள். நகம் அளவு படங்களில் மஞ்சள் மஞ்சளாக எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. கடைசியில் பழைய புத்திக்கே வந்தேன், வலப்பக்கம் டக் டக், பத்து, இருபது, முப்பது. என் கட்டைவிரல் பறந்தது. அம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார், “நிரையில இப்படி மரத்த உட்டுட்டு உட்டுட்டு ஓடுனா கங்காணி சும்மா உடுவாரா?”

நிறுத்தினேன். அம்மா குற்றமாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நான் இப்போதெல்லாம் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை. பாட்டில் இடையிசை வந்தால் டக் டக். யாராவது பேசத் தொடங்கி மூச்சு விட்டால் டக் டக். நண்பன் அனுப்பிய அவன் குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவையே தாண்டித் தாண்டித்தான் பார்த்தேன். அம்மா விளம்பரத்தைக்கூடத் தாண்டமாட்டார். தாண்டத் தெரியாது என்று நினைத்திருந்தேன். கேட்டால், “அவங்களும் ஏதோ சொல்ல வர்றாங்கல்ல” என்கிறார். அது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

“எங்க பாத்தீங்க, ஞாபகம் இருக்கா?” என்று அப்போதுதான் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எத்தனையாவது நிமிடம் என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் திருவிழாவில் எதற்கு அப்புறம் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். “ஆத்தங்கரையில கரகம் ஜோடிச்சு முடிச்சாச்சு. ஊர்வலம் வருது. பழைய ஆபீஸ் வளைவுகிட்ட யாருக்கோ சாமி வந்துருச்சு. உறுமிய நிறுத்திட்டாங்க. மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க. மறுபடி உறுமி ஆரம்பிச்சுது பாரு, அப்பத்தான் நின்னா. வலதுகைப் பக்கம்.”

அதற்கு மேல் நான் படத்தைப் பார்க்கவே இல்லை. காதால் தேடினேன். உறுமி, தாண்டு. உறுமி, தாண்டு. “இன்னும் போ. இது ரப்பர் ஸ்டோர் இருந்த எடம். இன்னும் போ.” ஸ்டோர் இப்போது இல்லை, வெறும் செம்பனை. அம்மாவுக்கு மட்டும் அது ஸ்டோர். “ஆங், மேடு ஏறுறாங்க. இனி மெதுவா.” தாண்டுகிற அளவை அமைப்பில் போய் 5 வினாடியாகக் குறைத்தேன், 5 முதல் 60 வரை வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று தட்டில் உறுமி சட்டென்று நின்றது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம், யாரோ ஒரு பையன் “தள்ளி நில்லுங்கண்ணே” என்று கத்துகிறான், மறுபடி உறுமி. படம் வலப்பக்கம் திரும்பியது. ஒரு மணி நாற்பத்தேழு நிமிடத்தில், கூட்டத்தின் ஓரத்தில், மஞ்சள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிய ஒரு பாட்டி பக்கவாட்டில் நின்று, இரண்டு எட்டு வைத்தார். அதற்குள் கேமரா திரும்பிவிட்டது.

“அவதான்” என்றார் அம்மா. “எடது கால இழுத்து வைக்கிறா பாரு. அட்டப் பள்ளத்துல உழுந்தது. அப்பருந்து அப்படித்தான்.”

சட்டி சுடுதா

பின்னால் போட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை என்றார், காட்டினேன். நாலாவது தடவை கேட்கும்போது அம்மா குரலில் கூச்சம் வந்தது. பிள்ளையிடம் எத்தனை தடவை கேட்பது என்ற கூச்சம். இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. அளவை மறுபடி பத்துக்கு மாற்றினேன், கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க அதுதான் தோது. போனை மேசைமேல் தலையணையில் சாய்த்து வைத்தேன், கையில் ஏந்தினால் ஓரத்தில் விரல் படுமே. “இப்ப நீங்க தட்டுங்க.”

முதல் தட்டலில் ரெண்டு கோடு. அடுத்ததில் படம் சுருங்கி மூலைக்குப் போனது. இதைக் கண்ணால் பார்த்தபோதுதான் விளங்கியது. விரலை வைக்கும்போதெல்லாம் அம்மாவின் கை தானாக இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கக் கீழே சாய்ந்து வழிகிறது. பால்மரத்தில் வெட்டு அப்படித்தான் இறங்கும், இடது மேலே தொடங்கி வலது கீழே. பட்டைக்குள் பால்குழாய்கள் ஒரு பக்கம் சாய்ந்து ஓடுவதால், அப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும், பால் கூடும். கூர் ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்தில் காயம், கங்காணியிடம் ஏச்சு. அந்த மயிரிழையை நாற்பது வருசம் காத்த கைக்கு லேசாகத் தொடத் தெரியாது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனுக்கோ, கீழே வழிகிற எந்த விரலும் ‘படத்தைச் சுருக்கு’ என்பதுதான்.

“தேய்க்காதீங்க. தொட்டுட்டு ஒடனே எடுக்கணும்.” “எப்படி? சட்டி சுடுதான்னு பாக்கிற மாதிரியா?” நான் இத்தனை நாள் ‘வேகமா’ என்ற ஒரே சொல்லை வைத்து மாரடித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், சட்டி சுடுதா என்று பார்க்கிற மாதிரியேதான், ரெண்டு தடவை. அம்மா காற்றில் ஒத்திகை பார்த்தார், தொட்டு, எடுத்து, தொட்டு, எடுத்து. திரையில் வைத்தபோது முதல் தட்டு விழுந்தது, இரண்டாவது விழவில்லை. விரல் காய்ந்திருப்பதால்தான் என்று மின்னூட்டக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அம்மா பாதிவரைதான் கேட்டார். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார், சம்பள நாளில் பெரிய கிராணி நோட்டு எண்ணுவாரே, அதே தோரணை. சட்டி சுடுதா, சுடுதா. இடப்பக்கம் மூன்று முக்கோணம் ஒளிர்ந்து, 10 என்று வந்தது. உறுமி நின்றது.

நல்ல பழக்கம் இல்லைதான், ஈரத்துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். அதை அம்மா தொடவே இல்லை.

தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் ஹாலிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றும் ஓசை, “தள்ளி நில்லுங்கண்ணே”, உறுமி. சின்ன இடைவெளி. தண்ணீர், “தள்ளி நில்லுங்கண்ணே”, உறுமி. எண்ண ஆரம்பித்தேன். பால் ஊற்றிக் கலக்கி எடுப்பதற்குள் பதினொன்று. ஒரு தடவைகூட பூசாரி ஓடவில்லை. 

கோப்பையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தபோது அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அந்தப் பக்கமே பாக்குறாளே” என்றார். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, மறுபடி ரெண்டு தட்டு.